டயர் துடைக்கும் துணி

ஆஸ்டின் டவுன் சந்தில் ஞாயிறு வெயில் மாருதி காரின் கூரையில் தகிக்கிறது. பாலகுமார் குந்தி உட்கார்ந்து, ஸ்பாஞ்சில் டயர் பாலிஷைத் தொட்டு, ரிம்மில் படாமல் ரப்பரை மட்டும் வளைத்துத் தடவுகிறான். வழிவதை ஒற்றி எடுக்கும் துணி, மனைவி வேதநாயகியின் பட்டுத் துப்பட்டா. அவளுடைய அண்ணன் போன வாரம்தான் வாங்கித் தந்தது. வாசலில் நின்று அவள் பார்க்கிறாள் என்று தெரிந்தேதான் துடைக்கிறான். "கொடில கெடந்துச்சு, எடுத்தேன்," என்கிறான் திரும்பாமலே. அவள் உள்ளே போகிறாள். பீரோக் கதவு கிறீச்சிடுகிறது. திரும்பி வந்து, மடிப்புக் கலையாத சுங்குடிப் புடவை ஒன்றை அவன் தோளில் போடுகிறாள். செத்துப்போன அவன் அம்மாவுடையது. "பட்டு சரியா உறிஞ்சாதுங்க. இது காட்டன்." கடைசி டயரில் பூசிய பாலிஷ் ரிம்மை நோக்கி வழிகிறது, அவன் துடைக்கவில்லை.