இடது ஸ்பீக்கர்

மார்லிஸ் பெட்டியை இழுத்துவந்து கூடத்து வாசலில் வைத்தாள். அவளை அழைத்துப்போக டுலூத் நகரிலிருந்து தங்கை கார் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். கணவன் லோவெல் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கம்பளத்தில் மண்டியிட்டு, ஸ்பீக்கரின் வயிற்றைப் பிரித்துப் போட்டிருந்தான்.

"இடது ஸ்பீக்கர் செத்துப்போச்சு. வயலினைப் போர்வைக்குள்ள வச்சு வாசிக்கிற மாதிரி இருக்கு. சாதாரணக் காதுக்கெல்லாம் இது தெரியாது."

துல்லிய ஒலிக்கு அலையும் ஊர் ஹை-ஃபை சங்கத்தில் அவனுக்குத் 'தங்கக் காது' என்று பட்டம். சத்தத்தை வைத்தே ஒயர் செம்பா வெள்ளியா என்று சொல்லிவிடுவான் என்பார்கள். 'என்பார்கள்' என்று சொல்லுவதும் அவன்தான்.

அந்தத் தங்கக் காதில்தான் போன வாரம் மார்லிஸ், டாக்டர் சொன்னதைச் சொன்னாள். விளக்கை அணைத்தாயிற்று. அவன் வழக்கம்போல வலது கன்னத்தைத் தலையணையில் புதைத்து, அவளுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தான். கால் கட்டைவிரல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது, தூங்கவில்லை.

உரக்கச் சொல்லத் தைரியமில்லை. காதோரம் குனிந்து கிசுகிசுத்தாள். தாளம் நிற்கவில்லை.

விடிந்ததும் அவன் கேட்டது, "ஸ்க்ரூ டிரைவரை எங்க வச்சே?" அவனை விட்டுப் போவதென்று அப்போதே அவள் முடிவு செய்துவிட்டாள்.

"நான் கிளம்பறேன், லோவெல்."

"சரி. உன் தங்கச்சியைக் கேட்டதா சொல்லு."

"நீ எதைக் கேட்டே, நான் போய்ச் சொல்றதுக்கு?"

அவன் பேட்டரியை எடுத்து ஸ்பீக்கரில் தொட்டுப் பார்த்தான். உள்ளே காகிதக் கூம்பு சமர்த்தாக முன்னே வந்து போனது; உயிர் இருக்கிறது. ஒயரை மாற்றினான். கடைசியில் இரண்டு பெட்டிகளையும் மூச்சு வாங்க இடம் மாற்றி வைத்துவிட்டு, தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தான்.

"இப்பவும் இடதுதான். அப்ப ஆம்ப்ளிஃபயர்ல கோளாறு."

அதன் ஒயர்களையும் வலமிடமாக மாற்றிச் சொருகினான். இப்போதும் இடதுதான்.

"எல்லாத்தையும் மாத்தியாச்சே," என்றாள் மார்லிஸ், கோட்டை மாட்டிக்கொண்டே. "உன் நாற்காலி ஒண்ணுதான் பாக்கி. அதையும் திருப்பிப் போடேன்."

கேலி அவனுக்கு உறைக்கவில்லை. நாற்காலியைத் திருப்பி, ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். இதுவரை நன்றாகப் பாடிய வலது ஸ்பீக்கர் இப்போது அவன் இடப்பக்கம் வந்து, போர்வைக்குள் போய்விட்டது.

லோவெல் மெதுவாக வலது காதை விரலால் அடைத்தான். அவனுக்குப் பாட்டு அடியோடு நின்றுபோயிற்று.

"மார்லிஸ்... ஸ்பீக்கர் ரெண்டும் நல்லாத்தான் இருக்கு."

வாசலில் தங்கையின் கார் ஹாரன் அடித்தது. மார்லிஸின் கை பெட்டிப் பிடியிலேயே இருந்தது. படுக்கை, தலையணை, தான் குனிந்த இடது காது எல்லாம் அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தன.

பெட்டியை விட்டுவிட்டு வந்து, அவனுடைய வலது பக்கமாக மண்டியிட்டு, காதோரம் குனிந்தாள்.

"எனக்குக் கேன்சராம், லோவெல்."