பல் தெரியாத படம்

விசாவுக்கு எடுக்கும் படத்தில் சிரிக்கக் கூடாது என்பது நாகர்கோவில்காரி ஜோஸ்லினுக்கும் தெரியும். கணவன் எபினேசர் போன வருஷமே டப்ளின் போய்விட்டான். அவள் நர்ஸாக இருக்கும் டெல்லி ஆஸ்பத்திரியில் வழியனுப்பு விழா கேக்கைக்கூட வெட்டி முடித்தாயிற்று. படம்தான் பாக்கி.

கரோல் பாக் ஸ்டுடியோவில் உம்மென்று உட்கார்ந்தாள். கம்ப்யூட்டர் திரையில் பல் அத்தனையும் தெரிந்தது.

“பல்லு தெரிஞ்சா திருப்பி அனுப்பிடுவாங்கம்மா,” என்றார் ஸ்டுடியோக்காரர் தட்சிணாமூர்த்தி.

“நான் எங்கண்ணே சிரிச்சேன்? வாயே தொறக்கலியே!”

மறுபடி எடுத்தார். இப்போது படத்தில் கண்ணும் சேர்ந்து சிரித்தது. கேமராவைத் துடைத்தார், விளக்கை மாற்றினார், கடைசியில் அலுத்துப்போய், “சரிம்மா, நல்லா வாய்விட்டுச் சிரிச்சிடுங்க,” என்றார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து ஜோஸ்லின் வயிறு குலுங்கச் சிரித்தாள். படம் உம்மென்று வந்தது.

அதையே கொடுத்தாள். விசாவும் வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் எபினேசருக்கு அப்பளம் வாங்கும்போது, பர்ஸில் இருந்த மிச்சப் படங்கள் கையில் வந்தன. எதிலும் அவளைக் காணோம்; பின்னாலிருந்த வெள்ளைத் திரை மட்டுமே இருந்தது.

“அப்படி என்னட்டி அவசரம்?” என்றாள் ஜோஸ்லின், முந்திக்கொண்டு டப்ளினுக்குக் கிளம்பிவிட்ட படத்துக்காரியிடம். “சேர்ந்தே போயிருக்கலாம்லா?”