மருந்துக்கடைக்காரரின் பங்கு

"இன்னைக்கும் ஏழு மீனை அள்ளிக்கிட்டுப் போயிட்டான்!"

தூண்டிலைச் சுவரில் சாய்ப்பதற்குள் தையல்காரர் பொரிய ஆரம்பித்துவிட்டார்.

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "யாரு, மருந்துக்கடைக்காரரா?"

"வேற யாரு? இன்னைக்கு ஏரியில மொத்தம் பதிமூணு மீன். அவன் தூண்டில்ல மாட்டினது ஒரே ஒரு கெளுத்தி. அதுவும் வழி தெரியாம வந்து மாட்டியிருக்கும். ஆனா பங்கு போட மட்டும் முதல் ஆளா வந்து நிக்கிறான். 'உனக்கு மூணு, உன் மச்சானுக்கு மூணு, மிச்சம் எனக்கு.' பையைத் தூக்கிட்டான், ஸ்கூட்டர்ல ஏறிட்டான்!"

"நீங்க கேட்க வேண்டியதுதானே?"

"போயும் போயும் மீனுக்காகச் சண்டை போடறதான்னு கௌரவமா இருக்கேன்."

"அவங்க வீட்ல ரெண்டே பேருதானே? போன வாரம் அந்தம்மாகிட்ட, 'உங்களுக்கென்ன, வீட்ல ஒரே மீன் வாசனைதான்'னு சொன்னேன். 'எங்க வீட்டுக்கு மீன் வந்தே மாசக்கணக்காச்சு. இவரு ஏரிக்குப் போறாரு, வெறுங்கையோட வர்றாரு'ன்னு அலுத்துக்கிட்டாங்க."

தையல்காரர் தூண்டில் முள்ளை விழுங்கியவர் மாதிரி நின்றார்.

"இதை ஏன் ஒரு வாரமா சொல்லலை?"

"நான் பேசறதை என்னைக்குக் காதுல வாங்கினீங்க?"

"அப்போ விற்கிறான்! நம்ம மீனை விற்கிறான்!"

அன்றைக்கே மச்சானோடு சேர்ந்து திட்டம் தயாரானது. மச்சான், அதாவது மனைவியின் தம்பி, பள்ளிக்கூட வேன் ஓட்டுபவன். அடுத்த ஞாயிறு ஏரியிலிருந்து மருந்துக்கடைக்காரர் கிளம்பியதும் வேனில் பின்தொடர வேண்டியது. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டியது.

அந்த ஞாயிறும் ஏழு மீன் பைக்குள் போனது. ஸ்கூட்டர் கிளம்பியது. பின்னாலேயே வேனும்.

ரகசியமாக ஒருவரைப் பின்தொடர அதைவிடப் பொருத்தமில்லாத வண்டி கிடைக்காது. ஊருக்கே தெரிந்த மஞ்சள் நிறம். வழியில் இரண்டு குழந்தைகள் கையாட்டின. மூன்றாவது குழந்தை, ஞாயிற்றுக்கிழமையும் பள்ளிக்கூடமா என்று பயந்து வீட்டுக்குள் ஓடியது.

குழந்தைகள் உட்காரும் சீட்டில், முழங்கால் முகவாயில் இடிக்க, தையல்காரர் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்.

"மாமா, சந்தைப் பக்கம் திரும்பலையே!"

"ஏதாவது ஓட்டலுக்குக் கொடுப்பான். நீ ஓட்டு."

"ஓட்டலையும் தாண்டிட்டாரு."

"அப்போ நேரா வீடுகளுக்கே சப்ளை பண்றான் மாப்ளே! பெரிய ஆளுதான்!"

ஸ்கூட்டர் ஒரு சந்துக்குள் நுழைந்து, கடைசி வீட்டு வாசலில் நின்றது. மருந்துக்கடைக்காரர் பையோடு உள்ளே போனார்.

மச்சான் பிரேக்கை மிதித்தான். "மாமா... இது நம்ம பெயின்டர் அண்ணன் வீடாச்சே?"

தையல்காரர் சீட்டில் இன்னும் கீழே சரிந்தார்.

பெயின்டர் அவர்களுடைய கூட்டாளி. ஏரிக்கரையில் நான்காவது தூண்டில் அவருடையதாகத்தான் இருந்தது. ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து எட்டு மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் ஒரு தடவை பார்த்ததோடு சரி. 'அடுத்த ஞாயிறு கண்டிப்பா போய்ப் பார்த்துட்டு வரணும்' என்று ஒவ்வொரு ஞாயிறும் ஏரிக்குப் போகிற வழியில் மாமாவும் மச்சானும் தவறாமல் பேசிக்கொள்வார்கள்.

"மாப்ளே, சத்தமில்லாம வண்டியைத் திருப்பு."

சத்தமில்லாமல் திரும்புகிற வண்டியா அது? ஜன்னல் வழியே குரல் வந்தது.

"யாரு, வேன்காரத் தம்பியா? கூட யாரு? அட, தையல்காரா! உள்ள வாங்கப்பா!"

வேறு வழியில்லை. போனார்கள்.

பெயின்டர் கட்டிலில் தலையணைகளுக்கு நடுவே சாய்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். பக்கத்தில் மருந்துக்கடைக்காரர், ஒரு கெண்டையைக் கையில் பிடித்தபடி, அந்தக் கெண்டையைப் போலவே வாயைத் திறந்துகொண்டு நின்றார்.

"ஒருவழியா நேரம் கிடைச்சுதா?" பெயின்டரின் முகமெல்லாம் சிரிப்பு. "நான் தப்பா நினைக்கலைப்பா. உனக்கு ராத்திரி பகலா தையல் வேலை, தம்பிக்கு ஞாயிறானா வண்டி ரிப்பேர். எல்லாம் இவன் சொல்லிட்டான்."

தையல்காரர் தரையைப் பார்த்தார்.

"நேர்ல வர முடியலைன்னா என்ன? வாரா வாரம் மீன் அனுப்பிடறீங்களே! 'இந்த நாலும் தையல்காரன் உனக்குன்னு பொறுக்கி எடுத்தது, இந்த மூணும் வேன்காரத் தம்பி கொடுத்தது'ன்னு இவன் சொல்லும்போது எனக்குக் கண்ணு நிறைஞ்சுடும். படுத்துக் கிடக்கிறவனை யாருப்பா இவ்வளவு ஞாபகம் வச்சுக்கறாங்க?"

தையல்காரர் வாயைத் திறந்தார். கட்டிலுக்குப் பின்னால் மருந்துக்கடைக்காரர் அவசர அவசரமாகத் தலையை ஆட்டினார். வேண்டாம், சொல்லிவிடாதே என்று கண்ணாலேயே கெஞ்சினார். பிறகு மீனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் நழுவிவிட்டார்.

"அது... சின்ன விஷயம்தானே..." என்று இழுத்தார் தையல்காரர்.

பெயின்டர் அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தையல்காரரின் கையைப் பிடித்து அருகே இழுத்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"உனக்குச் சின்ன விஷயம். இவனும் இருக்கானே! வாரா வாரம் வர்றான், ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து கதையளக்கறான், எல்லாம் சரி. ஆனா இந்த எட்டு மாசத்துல தன் பங்குலேர்ந்து ஒரு மீன், ஒரே ஒரு மீன் எனக்குக் கொடுத்திருப்பான்னு நினைக்கறே? சரியான கஞ்சன்ப்பா!"