ஐஸ் பெட்டிக்குள் பாட்டு

முல்லைத்தீவுக் கரையில் வெயில் ஏறிவிட்டது. மீனுக்கான ஐஸைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, வெறும் பெட்டிக்குள் ஸ்பீக்கரை வைத்திருக்கிறார்கள் வின்சனும் அவன் கூட்டாளி டினோஜனும். அப்போதுதான் பாட்டின் பேஸ் ஒலி அதிருமாம். ஏதோவொரு சைக்கடெலிக் ரொக் குழுவின் சிறந்த அல்பம் எதுவென்று சண்டை. "முதலாவதுதான் மச்சான்!" என்கிறான் வின்சன். "விசரா, மூண்டாவதை ஒழுங்காக் கேட்டனியே?" என்று டினோஜன் சீறுகிறான். மணலில் கிடக்கும் சூடை மீன்கள் வயிறு வெடித்துக் கசிகின்றன. இலையான்கள் அவற்றின் கண்களை மொய்க்கின்றன. நாற்றம் தொண்டையில் ஒட்டிக்கொள்கிறது. விடியவிடிய இவற்றை வலையிலிருந்து கழற்றிய வின்சனின் மனைவி ஸ்ரெல்லா மூக்கைப் பொத்தியபடி வருகிறாள். "நீயே சொல்லு, எது திறம்?" என்கிறான் வின்சன். அவள் காறித் துப்புகிறாள். அழுகிய மீன்களை இரு கையாலும் அள்ளி ஸ்பீக்கருக்கு மேலேயே கொட்டுகிறாள். பாட்டு நிற்கவில்லை. தாளத்துக்கு மீன்கள் துடிக்கின்றன. டினோஜன் காதைச் சாய்த்துச் சொல்கிறான்: "இப்பதான்ரா பேஸ் திறம்."