வெயிலில் பிடித்த படம்

கள்ளக்குறிச்சி ஸ்கேன் சென்டர் வாசலில் நின்று, கொளஞ்சியப்பன் தன் மூளையின் படத்தைச் சாயங்கால வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்திருக்கிறான். கறுப்பு பிலிமைத் தாண்டி வரும் வெளிச்சம் அவன் முகத்தில் வெள்ளைப் புள்ளிகளாக விழுகிறது. பக்கத்தில் மாத்திரைப் பையோடு மனைவி அஞ்சலை. சித்திரையில் மூன்று நாள் தூங்காமல், பாடிக்கொண்டே, காய்ந்த நிலத்தில் மக்காச்சோளம் விதைத்தவன் இவன். பிறகு மழை பெய்து பயிர் முளைத்தபோது, எழுந்து வந்து பார்க்காமல் சுவரோரம் படுத்தே கிடந்தான். “சேதி போற நரம்புல அங்கங்க மாத்தம் தெரியுது. இப்படி ஏறி எறங்கற மனநோய் இருக்கறவங்களுக்கு இது கொஞ்சம் ஜாஸ்தி. இத மட்டும் வெச்சி ஒண்ணும் சொல்ல முடியாதுங்க, மாத்திரைய நிறுத்தாதீங்க” என்று டாக்டர் சொன்னது அவள் காதிலேயே நிற்கிறது. இரண்டு மாதமாகப் பேசாதிருந்தவன் இப்போதுதான் வாய் திறக்கிறான். “புழு சுரண்டுன சோள எல மாதிரியே கீதுடி. குருத்து தப்பிச்சிச்சா, பாரு.” குருத்துக்குள் புழு இறங்கிவிட்டால் பயிர் தேறாது. தினமும் காலையில் ஒவ்வொரு குருத்தாகப் பிரித்துப் பார்க்கிறவள் அவள்தான். படத்தில் குருத்து எங்கே இருக்கிறதென்று அவளுக்குத் தெரியவில்லை. எட்டி அவன் உச்சந்தலையில் கை வைக்கிறாள், சுடுகிறது. “தப்பிச்சிருக்குய்யா” என்கிறாள். விரல்கள் மட்டும், உள்ளே ஏதாவது நெளிகிறதா என்று, மயிரை விலக்கி விலக்கித் தேடுகின்றன.