நல்ல முடி

துணியை விலக்கியதும் அவள் முதலில் பார்த்தது தலையைத்தான்.

முகம் பார்க்கிற மாதிரி இல்லை. பார்க்க வேண்டாம் என்று பிணவறை ஊழியர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். தம்பி வருவதாகச் சொன்ன பேருந்து கவிழ்ந்து, அதிலிருந்து எடுத்து வந்தவர்களில் இந்த ஒருவனைத் தேடித்தான் அதுவரை யாரும் வந்திருக்கவில்லை. உயரமும் உடம்புவாகும் தம்பிக்கு ஒத்துப்போயின. சட்டை அவள் பார்த்திராத புதுச் சட்டை.

ஆனால் தலை நிறைய முடி.

கறுகறுவென்று, விரல் நீளத்துக்கு, நெற்றிவரை இறங்கிக் கிடந்தது.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இது என் தம்பி இல்லைங்க. அவன் சொட்டைங்க! முன்னந்தலையில மருந்துக்குக்கூட ஒரு முடி கிடையாது" என்றாள். சொல்லும்போதே சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று வெளியே வந்தது.

ஊழியர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். நன்றாகப் பார்த்துச் சொல்லச் சொன்னார்.

இதில் பார்க்க என்ன இருக்கிறது? அந்தத் தலையை அவளைவிட அறிந்தவர் யார்? அம்மா போன பிறகு அதற்குத் தண்ணீர் ஊற்றித் துவட்டிவிட்டதே அவள்தானே.

இருபத்தைந்து வயதுக்குள் எல்லாம் கொட்டிவிட்டது. அப்பா எனக்கு எழுதிவைத்த ஒரே சொத்து என்று தம்பி தலையைத் தடவிக்கொண்டு சிரிப்பான். அந்தச் சிரிப்பெல்லாம் உதட்டோடு சரி. அவன் பழகிய பெண்ணின் தோழி ஒருத்தி, அவனைப் பெண்ணின் சித்தப்பா என்று நினைத்து எழுந்து நின்று வணக்கம் சொல்லிவிட்டாள். அன்று அறைக்குள் போய்த் தாழ் போட்டவன், அக்கா கதவை உடைக்கிறேன் என்று கத்திய பிறகுதான் வெளியே வந்தான்.

அதற்கப்புறம் அக்காவும் தம்பியுமாக என்னதான் செய்யவில்லை?

வெங்காயச் சாற்றில் ஆரம்பித்தார்கள். வீடே நாறி, அவள் கணவர் தலையணையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். பிறகு டாக்டர் கொடுத்த சொட்டு மருந்து. இரண்டாவது பிள்ளைக்குப் பின் அவளுக்கும் வகிடு அகன்றுகொண்டே போனதால், அதே பாட்டிலில் அவளும் கொஞ்சம் தடவிக்கொண்டாள். ஆம்பளைக்குக் கொடுக்கிற வீரியமான மருந்தைக் கேட்காமல் கொள்ளாமல் பூசலாமா என்று டாக்டர் சத்தம் போட்டார். வேடிக்கை என்னவென்றால், அவள் வகிட்டில் முடி அடர்ந்தது. அவனுக்கு ஒரு முளைகூட வரவில்லை.

மாத்திரை இருக்கிற முடியைத்தான் காப்பாற்றும், போனதைக் கொண்டுவராது என்றார்கள். கையிலிருந்து ரத்தம் எடுத்து, அதை மிஷினில் சுற்றித் தெளியவைத்து மண்டையிலேயே ஊசியாகக் குத்தினார்கள். வீங்கின தலையை அவள் மடியில் வைத்துக்கொண்டு படுத்தான். குத்தின இடத்தையெல்லாம் ஊதிவிட்டபடி அவள் அழுதாள்.

கடைசியில் டாக்டர், பின்னந்தலை முடியைப் பிடுங்கி முன்னால் நட்டுவிடலாம் என்றார். அவளுக்கு வந்ததே கோபம்! மண்டையைக் கீறி அப்படி ஒரு அழகு வேண்டுமா, கழுதை, சொட்டையாகவே இருந்து தொலை, என் பேச்சை மீறிச் செய்தால் என் முகத்தில் முழிக்காதே என்று கத்திவிட்டாள். அதோடு அந்தப் பேச்சு ஓய்ந்தது.

பிறகு வெளியூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். வீடியோவில் பேசும்போதெல்லாம் தொப்பி. கூடப் பிறந்தவளிடம்கூட மறைக்கிறான் என்று அவளுக்கு வருத்தம்தான். வரட்டும் கேட்கிறேன் என்று வைத்திருந்தாள்.

ஊழியர் துணியைப் போர்த்த வந்தார். அவள் ஒரு நிமிடம் என்று கையைக் காட்டினாள்.

யார் வீட்டுப் பிள்ளையோ, பாவம். இவனுக்கும் எங்காவது ஓர் அக்கா இருப்பாள். தான் இப்படிச் சந்தோஷப்படுவது பாவம் என்று தோன்றியது. அதற்காகவோ என்னவோ, நெற்றியில் ஒட்டிக் கிடந்த முடியை விரலால் மெல்ல ஒதுக்கிவிட்டாள்.

நல்ல முடி. இதில் பாதியாவது என் தம்பிக்கு இருந்திருக்கக் கூடாதா என்று அந்த இடத்திலும் அவளுக்கு ஆசை வந்தது.

வெளியே ஓட்டமும் நடையுமாக வந்தாள். ஒரு சொட்டு ரத்தம் பார்த்தாலே மயங்கி விழுகிற கணவர், வாசல் பெஞ்சில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார்.

"அவன் இல்லைங்க! பஸ்ஸ விட்டிருப்பான், தூங்குமூஞ்சி. வரட்டும், கன்னத்துல ரெண்டு வைக்கிறேன்."

"அப்பாடா" என்று அவர் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முகமே இல்லை என்றார்களே, எப்படித் தெரிந்தது என்று கேட்டார்.

"தலை நிறைய முடிங்க."

அவர் பிடி தளர்ந்தது.

அவளைப் பார்த்தார். பிறகு பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து, பிணவறைக் கதவைப் பார்த்து நடந்தார்.

"நீங்க எதுக்குங்க அங்க போறீங்க? அதான் பாத்துட்டேன்ல?"

அவர் திரும்பவில்லை.

"உனக்கு நேர்ல வந்து காட்டணும்னு இருந்தான்" என்றார்.