மவுண்ட் ரோட்டுக் கேக்கு

"கேக்காம் கேக்கு! பொண்டாட்டிக்கு ஒரு மனுசன் எழுதுற கடுதாசியா இது?"

சொர்ணவல்லி கடுதாசியைக் கசக்கி வீசினாள். அது திருகைக்குப் பக்கத்தில், அரைத்துக் குவித்திருந்த கேழ்வரகு மாவில் போய் விழுந்தது. மடியில் தூங்கிய பிள்ளை திடுக்கிட்டு வீறிட்டது.

பர்மா அரிசி நின்றுபோன சண்டைக் காலம். திருமயத்தில் அரிசியைக் கண்ணால் பார்த்து மாசக்கணக்கில் ஆகிவிட்டது. விடிந்தால் கூழ், பொழுது சாய்ந்தால் கூழ். பால் கொடுக்கிற உடம்புக்கும் அதேதான்.

புருஷன் ரத்தினவேலுக்கு மதராசில் ஓர் அச்சாபீசில் எழுத்துக் கோக்கிற வேலை. இரண்டு மாசத்துக்கு ஒருமுறை தவறாமல் வந்துகொண்டிருந்தவன், போன ஆவணிக்குப் பிறகு இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. வெள்ளையனே வெளியேறு என்று ஊரெல்லாம் கலவரம், தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள், அதனால்தான் வரவில்லை என்று முதலில் சமாதானப்பட்டாள். ரயில் ஓட ஆரம்பித்து எத்தனையோ நாளாயிற்று. பிள்ளை பிறந்ததற்கும் வரவில்லை, பேர் வைக்கவும் வரவில்லை. போன வாரம் காதுகுத்துக்குக்கூட வரவில்லை.

கடுதாசி மட்டும் வரும். அதிலும் பாதிக்குமேல் ரொட்டிக்கடைப் புராணம்.

'மவுண்ட் ரோட்டில் ஒரு வெள்ளைக்காரன் கடை. முகப்பு முழுக்கக் கண்ணாடி. காகிதக் கிண்ணத்துக்குள் உள்ளங்கையளவு கேக்கு, அதன் தலையில் வெண்ணெயால் செய்த ரோசாப்பூ.' இது சித்திரையில் வந்தது. வைகாசியில் பிராட்வே கடை இஞ்சி பிஸ்கோத்து. ஆனியில் புரசைவாக்கத்து முந்திரி பிஸ்கோத்து, வாயில் போட்டதும் கரைந்துவிடுமாம்.

எல்லாம் மழுங்கிய பென்சிலில், ஓரம் கிழிந்த துண்டுத் தாள்களில் கிறுக்கியது. கேக்குத் தின்ன வக்கிருக்கிற மனுசனுக்கு ஒரு முழுத் தாள் வாங்க வக்கில்லையா என்று அதற்கும் சேர்த்து அவளுக்கு வயிறு எரியும்.

இன்றைக்குக் கடுதாசி தபாலில் வரவில்லை. அதே அச்சாபீசில் வேலை பார்க்கிற மீமிசல்காரன் ஜைனுதீன், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற காலை பஸ்ஸில் வந்திறங்கி, கையில் கொண்டுவந்து கொடுத்தான். "வாங்க தம்பி" என்று முகம் மலர வாங்கியவள்தான். இரண்டு வரி படிப்பதற்குள் இந்தக் கோலம்.

"மதினி, கொஞ்சம் நான் சொல்றதைக் கேளுங்க."

"என்னத்தைக் கேக்கச் சொல்றீங்க? கூட்டாளிக்குப் பரிஞ்சு பேச வந்தீங்களாக்கும்! புள்ளைக்கு ஏழு மாசமாச்சு, அப்பன் மூஞ்சி தெரியாது. இங்கிட்டு நான் கூழுக்கு உப்பில்லாம அலையிறேன், அங்கிட்டு அவரு பிஸ்கோத்துக்கு ருசி சொல்றாரு!"

"அந்தக் கடைக்கெல்லாம் போனதும், கடுதாசியத் தபால்ல போட்டதும் நாந்தாங்க மதினி." ஜைனுதீன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "கண்ணாடிக்குள்ள இன்னிக்கு என்ன வச்சிருக்கான், பாத்துட்டு வாடா தம்பின்னு அண்ணன் கேப்பாரு. நான் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுவேன்."

"ஓகோ! பாத்துட்டு வாரதுக்கு ஒரு ஆளு வேறயா? தொரைக்கு நடந்தா காலு நோகுமோ?"

"நீங்க கவலப்படக் கூடாதுன்னுதான் அவரு..."

"கவலையா? நான் பத்திக்கிட்டு எரியிறேன் தம்பி!"

அழுகிற பிள்ளையைத் தோளில் சாத்திக்கொண்டு, மாவில் கிடந்த கடுதாசியை எடுத்து உதறினாள். எழுத்துக் கூட்டி உரக்கவே படித்தாள்.

"'இன்று பார்த்தது பிளம் கேக்கு. கருப்பட்டி நிறம். வெட்டினால் உள்ளே முழுக்கத் திராட்சை. நீயும் நானும் பிள்ளையும் உட்கார்ந்து தின்றாலும் நாலு நாளைக்குத் தீராது.' தீராதாமில்ல, தீராது!"

குரல் உடைந்தது. ஆனால் ஆத்திரம் அழ விடவில்லை.

"அவருகிட்டப் போய்ச் சொல்லுங்க. இனிமே இந்த வாசப்படிய மிதிக்க வேணாம். அந்த ரொட்டிக்கடையிலயே பாயைப் போட்டுப் படுத்துக்கட்டும். யாரு கண்டா, தின்னு தின்னு ஒடம்பு ஊதிப்போயி, பஸ்ஸுல ஏற முடியாமக்கூடக் கெடக்கலாம்!"

ஜைனுதீன் நிமிர்ந்தான். கண் சிவந்திருந்தது. மாட்டிக்கொண்டவன் முழிக்கிற முழி என்றுதான் சொர்ணவல்லிக்குப் பட்டது. ஓர் அடி முன்னால் வந்தாள்.

"என்ன தம்பி முழிக்கிறீங்க? ஒளிக்காமச் சொல்லுங்க. நீங்க பொறப்பட்டு வாரப்ப, அந்த மகராசன் என்ன தின்னுக்கிட்டு இருந்தாரு?"

அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டான்.

"ஒண்ணும் திங்கல மதினி. அண்ணன் ஜெயிலுக்குள்ள உண்ணாவிரதம் ஆரம்பிச்சு இன்னியோட பதினாறு நாளாச்சு."